வீட்டிலிருந்தே அகதிப் பெண்களுக்கான பணி: பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு விளக்கம்



நம் டிரஸ்டின் கல்வி உதவித்தொகையில் படிக்கும் மாணவிகளில் மூன்று பேர் இந்த ஆண்டு ஒரே மாதிரியான பரிந்துரைக் கடிதம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவர் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பவர். ஒருவர் சட்டக் கல்லூரி மாணவி. இன்னொருவர் ஆலிமா பட்டம் முடித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். அகதி முகாம்களில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவவும் செயல்படும் அமைப்புகளில், வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்காக அந்தக் கடிதம்.

கடிதம் கொடுப்பதில் நிர்வாகக் குழுவுக்குத் தயக்கமில்லை. தயக்கம் வீடுகளில் இருக்கிறது. "கல்யாணம் ஆகாத பிள்ளை படிக்கிற விஷயமா இது?" என்று ஒரு தாயார் கேட்டார். "இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே உள்ளவர்களுக்கு என்ன செய்துவிட முடியும்?" என்பது ஒரு தகப்பனாரின் கேள்வி. "சம்பளம் உண்டா?" என்று எல்லோருமே கேட்டார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் கிடையாது. யூனிசெஃப், அகதிகளுக்கான ஐ.நா. ஆணையம் போன்றவை ஓர் உதவித்தொகை தருகின்றன. சிறிய தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கின்றன. பணத்துக்காகப் போகிற இடம் இதுவல்ல.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் ஓர் இடத்தை வைத்துப் பேசினால்தான் விளங்கும்.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, மியான்மரின் ராகைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் சில மாதங்களுக்குள் எல்லை கடந்து அங்கே வந்து சேர்ந்தார்கள். முன்பே வந்திருந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 10 லட்சம் பேர். உக்கியா, டெக்னாஃப் என்ற இரண்டு வட்டங்களில், காட்டை வெட்டித் திருத்திய மேடுகளில், மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இன்றும் வாழ்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பெண்களும் சிறுமிகளும். மியான்மர் ராணுவத்தினர் அந்தப் பெண்களுக்குச் செய்த கொடுமைகளை ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழு 2018-ல் விரிவாகப் பதிவு செய்தது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாதது, எல்லை கடந்து வந்த பிறகும் ஆபத்து நிற்கவில்லை என்பதுதான். முகாமில் ஆண்களுக்கு முறையான வேலை செய்ய அனுமதியில்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும். விரக்தியில் இருக்கும் கணவனின் கை மனைவி மீது விழுகிறது. 'ஒரு வாய் குறையட்டும், மானமும் காப்பாற்றப்படட்டும்' என்று சின்னப் பெண்ணை நிகாஹ் செய்து கொடுத்துவிடுகிறார்கள். மலேசியாவில் மாப்பிள்ளை என்று சொல்லிப் படகில் ஏற்றிவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 'பாலின அடிப்படையிலான வன்முறை' என்ற கனமான பெயரில் அழைக்கிறார்கள். ஒரு பெண்ணிடமிருந்து ரேஷன் அட்டையைப் பறித்து வைத்துக்கொள்வதும் அதில் சேரும். நம் பெற்றோர்கள் நினைப்பதுபோல் அது ஒரே ஒரு குற்றத்தின் பெயர் அல்ல.

தாழ்ப்பாளும் அடுப்பும்

இந்தத் துறையின் பெரும்பகுதி வேலை, நடந்துவிட்ட கொடுமையைப் பற்றியதே அல்ல. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்பக்கம் இருக்கிறதா, போகிற வழியில் விளக்கு எரிகிறதா, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்பதைப் பற்றியது. பேரிடர் உதவிக்கான ஸ்ஃபியர் கையேடு என்று ஒன்று உண்டு. உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகள் அதை அளவுகோலாக வைத்திருக்கின்றன. 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது இருக்க வேண்டும், குடிசையிலிருந்து 50 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும், தண்ணீர் 500 மீட்டருக்குள் கிடைக்க வேண்டும் என்று அதில் கணக்கு இருக்கிறது. கழிப்பறை தூரமாகவும் இருட்டாகவும் இருந்தால் பெண்கள் என்ன செய்வார்கள்? பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இது நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுப்பு இன்னொரு உதாரணம். ஆரம்பத்தில் முகாம்வாசிகள் விறகுக்காகக் காட்டுக்குப் போனார்கள். போனவர்களில் நிறையப் பேர் பெண்களும் பிள்ளைகளும். காட்டில் தாக்கப்பட்டவர்கள் உண்டு, யானையிடம் சிக்கியவர்களும் உண்டு. 2018-லிருந்து குடும்பங்களுக்கு எல்.பி.ஜி. சிலிண்டரும் அடுப்பும் கொடுக்க ஆரம்பித்த பிறகு விறகுக்குப் போகும் தேவை பெருமளவு குறைந்தது. மரங்களும் பிழைத்தன. ஒரு கேஸ் அடுப்பு பெண் பாதுகாப்புத் திட்டம் ஆகும் என்று நம்மில் யாருக்குத் தோன்றியிருக்கும்?

பாதுகாப்பு என்றால் இதுதான். நம் சீராவில் இதற்கு ஓர் அழகிய முன்மாதிரி இருக்கிறது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கைக்குழந்தையோடு தனியே மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத உஸ்மான் இப்னு தல்ஹா துணைக்கு வந்தார். தங்குமிடம் வந்ததும் ஒட்டகத்தை மண்டியிடச் செய்துவிட்டு, அவர் இறங்கும்வரை விலகிப் போய் நிற்பார். ஒவ்வொரு மன்ஸிலிலும் அப்படியே செய்து மதீனாவின் எல்லைவரை கொண்டுவந்து விட்டார் என்று சீரா நூல்கள் சொல்கின்றன. இடம்பெயர்ந்து போகும் பெண்ணுக்கு வழித்துணையும் வேண்டும், அதே அளவுக்கு இடைவெளியும் வேண்டும்.

இங்கிருந்து என்ன செய்வார்கள்?

முகாமில் பணியாளர்கள் நடந்து நடந்து குறித்த படிவங்கள் குவியலாக வரும். எந்த முகாமில் எந்தப் பகுதியில் எத்தனை கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அட்டவணையாக்கி, மேலே சொன்ன அளவுகோலோடு ஒப்பிட்டு, கட்டுமானப் பிரிவுக்கு அனுப்புவது ஒரு வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவது, பயிற்சிப் பாடங்களைச் சுலபமான நடையில் மாற்றி எழுதுவது, நன்கொடையாளருக்கான அறிக்கையைச் சரிபார்ப்பது ஆகியவையும் உண்டு. பெரும்பாலும் அலுப்பூட்டும் வேலைதான். எக்ஸெல் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றில் மிக முக்கியமானது, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்ற பட்டியலைப் புதுப்பித்து வைப்பது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரைக்கு 5 நாள் அவகாசம். அந்த நேரத்துக்குள் அவர் சரியான கதவைத் தட்ட வேண்டும். பட்டியலில் உள்ள மருத்துவ மையம் போன மாதமே மூடப்பட்டிருந்தால்? 2021 மார்ச் 22-ல் காக்ஸ் பஜார் முகாம்களில் பிடித்த தீ சுமார் 45,000 பேரின் இருப்பிடத்தைச் சாம்பலாக்கியது. மருத்துவ மையங்களும் எரிந்தன. அன்று காலைவரை சரியாக இருந்த பட்டியல் மாலையில் பயனற்றுப் போனது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்தியபோதும் உலகெங்கும் பல சேவைகள் திடீரென்று மூடப்பட்டன. தப்பான முகவரியை நம்பிப் போகும் பெண், பூட்டிய கதவின் முன்னால் நின்று, காவலாளியிடமோ கூட்டத்தில் யாரிடமோ தன் கதையைச் சொல்ல நேரிடும். அதன் பிறகு அவர் வேறெங்கும் போகமாட்டார். போன் போட்டு, மின்னஞ்சல் அனுப்பி, ஒவ்வொரு வரியும் சரிதானா என்று பார்ப்பதை இங்கிருந்தே செய்யலாம். அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

நம் ஆலிமா மாணவிக்கு ஒரு தனி அனுகூலமும் இருக்கிறது. ரோஹிங்கியா மொழி பெரும்பாலும் பேச்சு மொழி. அதில் அரபி, ஃபார்ஸி, உர்தூ சொற்கள் நிறைய. ஆனால் அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் மஹருக்கும் கைக்கூலிக்கும் 'டவ்ரி' என்ற ஒரே வார்த்தையைப் போட்டுவிடுகிறார்கள். ஒன்று பெண்ணின் உரிமை, இன்னொன்று பெண் வீட்டாரிடமிருந்து பிடுங்குவது. "டவ்ரி கொடுக்கவில்லை" என்று ஓர் அறிக்கையில் இருந்தால் அநீதி இழைத்தது யார் என்பதே மாறிவிடும். இத்தா, குலா, வலீ போன்ற சொற்களும் அப்படித்தான். நம் மதரஸாவில் ஃபிக்ஹு படித்த பெண் அந்த இடத்தில் நிறுத்தி, "இது எந்தப் பொருளில்?" என்று கேட்பார். பெண்கள் தங்கள் உடல் சம்பந்தப்பட்டவற்றை நேராகச் சொல்வதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 'வீட்டுக்குத் தூரம்' என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை ஓர் அந்நியர் எப்படி மொழிபெயர்ப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்டர்ன் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் நேராகப் பேசுவது. அதற்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் முகாமிலேயே இருக்கிறார்கள். சாந்தி கானா என்று அழைக்கப்படும் பெண்களுக்கான மையங்களில், தையலோ மருதாணியோ என்று வந்து உட்காருபவர்கள், நம்பிக்கை வந்த பிறகு, விரும்பினால் சொல்வார்கள். படிக்கும் மாணவியை வீடியோ காலில் உட்கார வைத்து "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்கச் சொல்லும் அமைப்பு எதுவானாலும் அன்றே விலகிவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கும் கேடு, நம் பிள்ளைக்கும் கேடு.

அமானிதம்

நேரில் பேசாவிட்டாலும் சில விவரங்கள் கண்ணில் படும். முறையான அமைப்புகளில் பெயரோடு எதுவும் வராது. 2006-ல் தொடங்கப்பட்ட ஒரு பதிவுமுறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதில் சம்பவங்களை ஆறு வகையாகப் பிரித்து, பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண்ணைப் போட்டு, பெண்ணின் சம்மதப் படிவத்தைத் தனி அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். ஆனாலும் பெயர் இல்லாததால் மட்டும் ரகசியம் காக்கப்பட்டுவிடாது. முகாம் எண், வயது, மூன்று பிள்ளைகள், கணவர் மீன் வியாபாரி என்று நான்கு விவரம் போதும். அந்தப் பகுதியில் உள்ளவர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். நம் தெருவை நினைத்தால் புரியும்.

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் தம் கணவர் மீது முறையிட நபி (ஸல்) அவர்களிடம் வந்ததை நாம் அறிவோம். அதையொட்டித்தான் முஜாதலா அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அதே வீட்டில் ஒரு பக்கம் இருந்த ஆயிஷா (ரலி) அவர்கள், அந்தப் பெண்மணி பேசியதில் சில தமக்கே கேட்கவில்லை என்று அறிவிக்கிறார்கள். அர்ஷின் அதிபதிக்குக் கேட்டது, அறையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மறைவாக அந்த முறையீடு நடந்திருக்கிறது. ஒரு முறையீட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் எழுத்தராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகாம்களில் ஒவ்வொரு பகுதிக்கும் 'மாஜி' என்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பெரும்பாலும் ஆண்கள். வங்காளத்தில் அந்தச் சொல்லுக்குப் படகோட்டி என்று பொருள். அடிபட்ட பெண் முதலில் போவது அவரிடம்தான். அவர் இரு தரப்பையும் கூட்டி, பத்துப் பேர் முன்னிலையில் விசாரித்து, சமாதானம் செய்து அனுப்புவார். கேட்டால் நல்லெண்ணம் என்பார், பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அன்றிரவு அந்தப் பெண் அதே குடிசைக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் உள்ளவர்கள் அடி, உதை சம்பந்தப்பட்ட விவகாரத்தில் தாங்களாகச் சமாதானம் பேசுவதில்லை. பெண் எதை விரும்புகிறாரோ அதை மட்டும் செய்கிறார்கள். வழக்கு வேண்டாம், மருந்து மட்டும் போதும் என்றால் மருந்து மட்டும். இது நம் வழக்கத்துக்கு ஒவ்வாதது போலத் தோன்றலாம். இருந்தாலும் யார் முன்னிலையில் யாரிடம் என்ன கேட்கிறோம் என்று நம் ஜமாஅத்களும் யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

வீட்டிலிருந்து வேலை செய்யும்போது இந்த அமானிதம் குடும்பம் முழுவதன் மீதும் விழுகிறது. தம்பி கேம் விளையாடும் லேப்டாப்பில் இந்தக் கோப்புகள் இருக்கக் கூடாது. ஹாலில் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசக் கூடாது. ஹெட்போன் போட்டால் எதிர்முனைப் பேச்சுதான் வெளியே கேட்காது, பிள்ளை பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "இன்று ஒரு கேஸ் படித்தேன், மனசு கனத்தது" என்று போடக் கூடாது. சாப்பிடும்போது "இன்னைக்கு என்னம்மா பாத்தே?" என்று நாமும் கேட்கக் கூடாது. "வேலை எப்படிம்மா போச்சு, சாப்பிட்டியா?" என்று கேட்கலாம்.

அதைக் கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்டவற்றைத் தொடர்ந்து படிப்பவர்களின் மனம் பாதிக்கப்படும். தூக்கம் கெடுவது, பசி எடுக்காதது, வெளியே போகவே பயப்படுவது, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது ஆகியவை தெரிந்தால் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு தோழி இருப்பார், வீட்டுக்கு வரும் வழியில் மனம் கொஞ்சம் ஆறும். அறையில் தனியே படித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் அடுப்படிக்கு வரும் பெண்ணுக்கு அந்த இடைவெளி கிடையாது. நல்ல அமைப்பு வாரம் ஒரு முறையாவது மேற்பார்வையாளர் பேசுவதற்கு ஏற்பாடு செய்திருக்கும். அது இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். பிள்ளை சோர்ந்து வந்து நின்றால் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதோடு அவர் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்.

சேரும் முன்

பணம் கேட்கும் இடம் போலி. ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பத்துக்கோ, நேர்காணலுக்கோ, பயிற்சிக்கோ எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. இன்டர்ன் என்று சேர்த்துக்கொண்டு ஒரு லிங்க்கைக் கொடுத்து, 'சொந்தக்காரர்களிடம் இத்தனை ஆயிரம் வசூல் செய்' என்று இலக்கு வைக்கும் இடங்களும் பெருகியிருக்கின்றன. அது வசூல் வேலை. பாதிக்கப்பட்டவர்களின் புகைப்படத்தைப் பகிரச் சொன்னால் இன்னும் மோசம்.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வேலை நேரம், மேற்பார்வையாளர் பெயர், எந்தக் கோப்பை எங்கே வைப்பது, முடிந்த பிறகு எப்படி அழிப்பது என்பது அதில் இருக்க வேண்டும். நேரத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழித் தொண்டில் வாரத்துக்கு 20 மணி நேரம், மொத்தம் 12 வாரம் என்பதே உச்சவரம்பு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நிவாரணப் பணியாளர்களே தவறு செய்த வரலாறும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க முகாம்களில் உணவுக்காகப் பெண் பிள்ளைகள் சுரண்டப்பட்டது 2002-ல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு 2003-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் கடுமையான நடத்தை விதிகளைப் பிறப்பித்தார். பொறுப்பான அமைப்புகள் இன்டர்ன் உட்பட எல்லோரிடமும் அந்த விதிகளில் கையெழுத்து வாங்கும். நம் பிள்ளைகளுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. மேற்பார்வையாளரே நடுராத்திரியில் தேவையில்லாத மெசேஜ் அனுப்பினால், "வீட்டிலிருந்துதானே வேலை செய்தாய்" என்று இந்திய அமைப்பு எதுவும் தட்டிக்கழிக்க முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் பயிற்சியாளரும் ஊழியரே, வசிக்கும் வீடும் பணியிடமே. நம் மாநிலத்தில் பெண்களுக்கான உதவி எண் 181. அது இந்த மாணவிகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் எல்லா வீடுகளிலும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு, 'அகதிப் பெண்களுக்கான நலப்பணி' என்று உண்மையைச் சொல்லலாம். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் சம்பந்தம் நமக்கு எதற்கு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நிர்வாகக் குழு செய்திருக்கும் ஏற்பாடு: மூன்று மாணவிகளுக்கும் கடிதம் தரப்படும். அதற்கு முன் ஒப்பந்த நகலைக் காட்ட வேண்டும். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்காக, டிரஸ்ட் நூலகத்தின் மாடியில் பெண்கள் பகுதியை ஒட்டிய சிறிய அறையை, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணிவரை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு பழைய லேப்டாப்பைச் சரிசெய்து தனிக் கடவுச்சொல்லுடன் அங்கே வைத்திருக்கிறோம். நூலகப் பொறுப்பில் உள்ள சகோதரியிடம் சாவி இருக்கும். இந்த ஆண்டு இறுதித் தேர்வு எழுதும் மாணவிகளில் வேறு யாரேனும் விண்ணப்பிக்க விரும்பினால், தாயாரையோ தகப்பனாரையோ அழைத்துக்கொண்டு, ஜும்ஆ தவிர்த்த எந்த வேலைநாளிலும் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்